கண்ணுக்குள்ள மெலனோமா: கண்ணை எடுத்துடறதா, ரேடியேஷன் வெக்கறதா?

முதல்ல உங்க கேள்வியை நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. அப்பாவுக்கு 61 வயசு, பத்து வருஷமா சுகர் இருக்கு, உங்களோட டெட்ராய்ட் பக்கம் இருக்கார், வலது கண்ணுக்குள்ள கோராய்டல் மெலனோமான்னு, அதாவது கண்ணுக்குள்ள வர்ற ஒரு கேன்சர்னு சொல்லிருக்காங்க, உயரம் 6 மில்லிமீட்டர், அடிப்பக்க அகலம் 11 மில்லிமீட்டர். ஒரு டாக்டர் கண்ணை எடுத்துடலாம்னார், இன்னொருத்தர் கண்ணோட வெளிச்சுவர்ல சில நாள் தச்சு வெக்கற ரேடியேஷன் தகடு வெக்கலாம்னார். வீட்ல மாமா "வேரோட எடுத்துடணும், உள்ள விட்டு வெச்சா பரவும்"ங்கறார், அத்தை "கத்தி பட்டா தான் பரவும், தொடவே கூடாது"ங்கறாங்க. எது பெட்டர்னு ஒரு வரியில கேட்டிருக்கீங்க, ஆனா நிஜத்துல நீங்க கேக்கறது கண்ணைக் காப்பாத்தப் போய் அப்பா உயிரை விலையா குடுத்துடுவோமோங்கறது தான்னு எனக்குத் தோணுது, அதனால அந்தக் கேள்விக்கே பதில் எழுதறேன்.

நான் கண் டாக்டர் இல்ல, மெடிக்கல் பிசிசிஸ்ட். ரேடியேஷன் டிபார்ட்மென்ட்ல இருபது வருஷத்துக்கு மேல வேலை, அதுல நிறைய வருஷம் இந்தக் கண் தகடுகளுக்கு டோஸ் கணக்குப் போட்டு, கதிர் விடற குட்டி விதைகளை அதுல அடுக்கி, ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் குடுத்தது என் வேலை. அதனால கதிர்வீச்சு பத்தி தைரியமா சொல்லுவேன், சர்ஜரி பத்தி பக்கத்துல நின்னு பார்த்த அளவுக்குச் சொல்லுவேன், உங்க அப்பாவோட ஸ்கேனை நான் பார்க்கல, அதனால அவருக்கு இது தான் பண்ணணும்னு மட்டும் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, ஊர்ல ஒரு குழந்தைக்குக் கண்ணுல கட்டி வந்து கீமோ குடுத்து சரியாச்சுன்னு உங்க சொந்தக்காரங்க சொன்னதா எழுதிருக்கீங்க. அது ரெட்டினோபிளாஸ்டோமாவா இருக்கும், சின்னக் குழந்தைங்களுக்கு வர்ற முற்றிலும் வேற வியாதி, அதுக்குக் கீமோ நல்லா கேக்கும். அப்பாவுக்கு இருக்கறது விழித்திரைக்குப் பின்னாடி இருக்கற ரத்தக்குழாய் படலத்துல, நிறமி செல்கள்ல வர்றது, கீமோவுக்கு லேசுல மசியாது. அமெரிக்காவுலயே வருஷத்துக்குப் பத்து லட்சம் பேர்ல அஞ்சு பேர் கணக்குல தான் வருது, அதுலயும் பெரும்பாலும் வெள்ளைக்காரங்களுக்கு, நம்ம ஆளுங்களுக்கு இன்னும் குறைவு. அதனால இதைப் பத்திச் சொந்தக்காரங்க சொல்ற கதை எதுவும் நேரடியா பொருந்தாது, அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல, ஆனா பொருந்தாது.

இப்ப மாமாவும் அத்தையும் போடற சண்டைக்கு வர்றேன், ஏன்னா இதே சண்டையை உலகத்தோட பெரிய கண் டாக்டர்களும் போட்டிருக்காங்க. நூறு வருஷமா கண் மெலனோமான்னா கண்ணை எடுக்கறது தான் வழின்னு இருந்துச்சு, யாரும் கேள்வி கேக்கல. 1978-ல சிம்மர்மன், மெக்லீன், ஃபோஸ்டர்னு மூணு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க, கண்ணை எடுத்த கொஞ்ச வருஷத்துக்குள்ள சாவு திடீர்னு ஏறுதே, எடுக்கும்போது கண்ணு அழுந்தி கேன்சர் செல் ரத்தத்துல கலந்துடுதோ, அப்படின்னு. உங்க அத்தை சொல்றதும் கிட்டத்தட்ட அது தான். இன்னொரு பக்கம் லண்டன்ல ஸ்டாலார்ட் கோபால்ட் தகடு வெச்சுட்டிருந்தார், கிழக்கு ஜெர்மனியில லொம்மாட்ச் 1960-கள்லயே ருத்தீனியம் தகடு ஆரம்பிச்சுட்டார், இதெல்லாம் கதிர் விடற உலோகங்கள், பாஸ்டன்ல 1975-லேர்ந்து புரோட்டான் பீம் வேற, அது வெளியிலேர்ந்து கட்டியைக் குறி வெச்சு அடிக்கற கதிர். கண்ணைக் காப்பாத்தறாங்க சரி, உயிருக்கு எப்படின்னு மாமா கேக்கற கேள்வியை அப்பவும் கேட்டாங்க, யார்கிட்டயும் உறுதியான பதில் இல்ல.

அந்தப் பதிலுக்காகத் தான் அமெரிக்க அரசாங்கத்தோட நேஷனல் ஐ இன்ஸ்டிடியூட் பணம் போட்டு கொலாபரேட்டிவ் ஆக்குலர் மெலனோமா ஸ்டடின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, காம்ஸ்னு சொல்லுவோம். அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 43 சென்டர். நடுத்தர சைஸ் கட்டி இருக்கறவங்க 1,317 பேர், 1987-லேர்ந்து 1998 வரைக்கும் சேர்த்தாங்க, யாருக்குக் கண்ணை எடுக்கறது யாருக்கு அயோடின்-125ங்கற கதிர் விடற பொருள் வெச்ச தகடுன்னு டாக்டரும் முடிவு பண்ணல, பேஷன்ட்டும் முடிவு பண்ணல, சீட்டுக் குலுக்கற மாதிரி ரேண்டமா பிரிச்சாங்க. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, டாக்டரே ஆள் பார்த்துப் பிரிச்சிருந்தா சின்னக் கட்டி எல்லாம் தகடு பக்கமும் பெரிய கட்டி எல்லாம் ஆபரேஷன் பக்கமும் போயிருக்கும், அப்பறம் தகடு வெச்சவங்க நல்லா இருந்தா அது தகடாலயா கட்டி சின்னதாலயான்னே தெரியாது. ஒரு மனுஷனோட கண்ணை சீட்டுக் குலுக்கலுக்கு விடறதுன்னா எவ்வளவு பெரிய விஷயம், அதுக்கு ஒத்துக்கிட்ட அந்த 1,317 பேரையும் நினைச்சா எனக்கு இன்னிக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோணும், நீங்களும் நானும் இப்ப ஓரளவு தெளிவா பேசறதே அவங்களால தான்.

முடிவு 2001-ல வந்துச்சு. அஞ்சு வருஷத்துல எந்தக் காரணத்தாலயோ இறந்தவங்க, கண்ணை எடுத்த பக்கம் 19 சதவீதம், தகடு வெச்ச பக்கம் 18 சதவீதம். 2006-ல 12 வருஷக் கணக்கு வெளியிட்டாங்க, அதுல அதே வரிசையில 41-ம் 43-ம். மெலனோமா பரவித் தான் இறந்தாங்கன்னு திசு பார்த்து உறுதியானவங்க மட்டும்னு எடுத்தா பத்து வருஷத்துல 17-ம் 18-ம், 12 வருஷத்துல 17-ம் 21-ம். கடைசி நம்பரைப் பார்த்து பயப்பட வேண்டாம், அவ்வளவு வருஷம் கழிச்சு கணக்குல மிஞ்சியிருந்த ஆளுங்க குறைவு, அந்த வித்தியாசம் தற்செயலா வரக்கூடிய அளவுக்குள்ள தான். அதுக்காக ரெண்டும் ஒரு நூல் கூட மாறாம சமம்னு நிரூபிச்சாச்சுன்னும் சொல்ல முடியாது, அந்த ஆய்வை ஒரு பெரிய வித்தியாசம் இருந்தா கண்டுபிடிக்கற மாதிரி தான் வடிவமைச்சாங்க, சின்ன வித்தியாசம் இருந்தா அது தப்பிச்சுப் போயிருக்கலாம். பெரிய வித்தியாசம் இல்லங்கறது உறுதி.

அத்தையோட பயத்துக்கும் அதே ஆய்வுல பதில் இருக்கு. பெரிய கட்டி இருக்கறவங்க 1,003 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு நேரா கண்ணை எடுத்தாங்க, பாதிப் பேருக்கு எடுக்கறதுக்கு முன்னாடி வெளியிலேர்ந்து 20 கிரே (கிரேங்கறது ரேடியேஷன் டோஸை அளக்கற அலகு) ரேடியேஷன் குடுத்து செல்லை எல்லாம் அடக்கிட்டு அப்பறம் எடுத்தாங்க. கத்தி படறதால பரவுதுன்னா முன்னாடியே ரேடியேஷன் வாங்கினவங்க கூட நாள் இருந்திருக்கணும் இல்லையா, இருக்கல, ஆயுள்ல வித்தியாசமே தெரியல. நடுத்தர ஆய்வுலயும் கண்ணை எடுத்தவங்க அதிகமா இறக்கல. அதனால கத்தி பட்டா பரவும்ங்கறதை அத்தை இந்த வியாதி விஷயத்துல தாராளமா விட்டுடலாம், கேலி பண்ணாம பக்கத்துல உக்காந்து சொல்லுங்க, ஏன்னா அவங்க பயந்த அதே விஷயத்தை பெரிய டாக்டர்களே பயந்து பத்து வருஷத்துக்கு மேல சோதிச்சுப் பார்த்தாங்க.

அப்ப ஏன் ரெண்டு வைத்தியத்துக்கும் ஆயுள்ல வித்தியாசம் வரல? இப்ப பெரும்பாலான ஆளுங்க நம்பற விளக்கம், பரவப் போற கட்டிங்க கண்டுபிடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, சில சமயம் வருஷக்கணக்கா முன்னாடியே, கண்ணுக்குத் தெரியாத அளவுல செல்களை அனுப்பிடுது, அது பெரும்பாலும் லிவர்ல போய் உக்காந்துக்கும். கட்டி எவ்வளவு வேகமா வளருதுங்கறதை வெச்சுப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு வந்த முடிவு இது, யாரும் நேர்ல பார்த்தது இல்ல, ஆனா கிடைச்ச எல்லா விவரத்தோடயும் ஒத்துப்போகுது. அப்படின்னா இப்ப கண்ணுல என்ன பண்றோம்ங்கறது ஏற்கெனவே போன செல்லை ஒண்ணும் பண்ணாது. கேக்கறதுக்குக் கஷ்டமா இருக்கும், எனக்குத் தெரியும். ஆனா இதுல ஒரு விடுதலையும் இருக்கு, நீங்க எந்த முடிவை எடுத்தாலும் அந்த முடிவு அப்பா உயிரைப் பறிக்கலங்கறது. பின்னாடி ஏதாவது ஆச்சுன்னா "அன்னிக்கே கண்ணை எடுத்திருந்தா"ன்னு மாமா சொல்லவோ, நீங்களே ராத்திரி படுத்துட்டு யோசிக்கவோ இடம் இல்ல.

மாமா சொல்றதுல ஒரு துண்டு உண்மை இருக்கு, அதையும் மறைக்காம சொல்லணும். தகடு வெச்சவங்கள்ல அஞ்சு வருஷத்துக்குள்ள சுமார் 10 சதவீதம் பேருக்கு வைத்தியம் சரியா பிடிக்கல, மறுபடி வளர்ந்துச்சு. சுமார் 12.5 சதவீதம், அதாவது எட்டுல ஒருத்தருக்கு, வளர்ந்ததாலயோ தாங்க முடியாத வலியாலயோ கடைசில கண்ணை எடுக்க வேண்டி வந்துச்சு. மறுபடி வளர்ந்தவங்களோட ஆயுள் கொஞ்சம் குறைவா இருந்த மாதிரியும் தெரிஞ்சது, ஆனா அது வளர விட்டதாலயா இல்ல கட்டியே ஆரம்பத்துலேர்ந்து மூர்க்கமானதாலயான்னு அந்த ஆய்வை வெச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியல. இப்ப தகடு வெக்கும்போது தியேட்டர்லயே அல்ட்ராசவுண்ட் வெச்சு இடம் சரியா இருக்கான்னு பார்க்கறாங்க, அது பெரிய முன்னேற்றம், ஏன்னா நான் பார்த்த வரைக்கும் இந்த வேலையில கணக்கை விட இடம் தான் முக்கியம், ரெண்டு மில்லிமீட்டர் நகர்ந்து தைச்சுட்டா என் கணக்கு எவ்வளவு சுத்தமா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

தகடுன்னா என்னன்னு நீங்க கேக்கல, ஆனா தெரிஞ்சா பயம் பாதி குறையும்னு சொல்றேன். சின்னக் கிண்ணம் மாதிரி தங்கக் கலவையில செஞ்சிருப்பாங்க, உள்ள ஒரு சிலிக்கான் அச்சு, அதுல அரிசி மணியை விடச் சின்னதா அயோடின்-125 விதைகள். உங்க அப்பா கட்டி 11 மி.மீ, சுத்தி ரெண்டு ரெண்டு மி.மீ விளிம்பு விடணும், அப்ப 15, அதனால அனேகமா 16 மி.மீ தகடு, காம்ஸ் மாடல்னா அதுல 13 விதை வரும். நான் ட்வீசரால ஒவ்வொண்ணா எடுத்து வெப்பேன், வெச்சதும் எண்ணுவேன், கண்லேர்ந்து எடுத்தப்பறம் மறுபடி எண்ணுவேன், ஒரு விதை குறைஞ்சா அந்த ரூமை விட்டு யாரும் நகரக் கூடாது. அயோடின்-125-ஓட கதிர் ரொம்ப பலவீனமானது, அரை மில்லிமீட்டர் தங்கமே பின்பக்கம் போறதை நிறுத்திடும், அதனால மூளைக்கு ரேடியேஷன் போயிடுமோன்னு நீங்க கடைசி வரியில கேட்டதுக்கு, அந்தக் கவலை வேண்டாம். கண்ணோட வெளிச்சுவர்ல தச்சு மூணு நாள்லேர்ந்து ஏழு நாள் வரைக்கும் விடுவாங்க, அப்பறம் இன்னொரு சின்ன ஆபரேஷன்ல எடுத்துடுவாங்க. கட்டியோட உச்சிக்கு 85 கிரே போகணும்ங்கறது கணக்கு, பழைய பேப்பர்ல 100-ன்னு பார்த்தா குழம்ப வேண்டாம், கணக்குப் போடற முறை மாறினதால நம்பர் மாறிச்சு, குடுத்த ரேடியேஷன் அதே தான்.

ஆனா இங்க தான் விலை இருக்கு. உச்சிக்கு 85 போகணும்னா அடியில, தகடு ஒட்டிட்டிருக்கற சுவருக்கு, அதைப்போல பல மடங்கு போகும். கட்டி உயரமா இருந்தா அடியில வாங்கற சுமை ஏறிக்கிட்டே போகும். பக்கத்துல மாக்குலாவோ, அதாவது கூர்மையான பார்வை தர்ற விழித்திரை நடுப்பகுதியோ, கண் நரம்போ இருந்தா அதுவும் வாங்கிக்கும். ரேடியேஷன் உடனே சுடாது, ரத்தக்குழாய்ங்க மெதுவா, ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு கெட்டுட்டே போகும், முதல் வருஷம் பார்வை நல்லா இருக்குன்னு சந்தோஷப்பட்டவங்க ரெண்டாவது வருஷம் இறங்கறதைப் பார்த்து உடைஞ்சு போறதை நான் பார்த்திருக்கேன், யாரும் முன்னாடியே அவங்ககிட்ட தெளிவா சொல்லலங்கறது தான் அதுல எனக்குப் பெரிய வருத்தம். காம்ஸ்ல மூணு வருஷத்துல 43 சதவீதம் பேருக்கு அந்தக் கண்ல பார்வை 20/200 இல்ல அதுக்கும் கீழ, அதாவது சார்ட்ல மேல இருக்கற ஒரே பெரிய எழுத்து தெரிஞ்சா ஜாஸ்தி. கிட்டத்தட்ட பாதிப் பேர் அந்தச் சார்ட்ல ஆறு வரி இல்ல அதுக்கு மேல படிக்கற பார்வையை இழந்தாங்க. யாருக்கு அதிகம் போச்சுன்னு பார்த்தா கட்டி உயரமா இருந்தவங்க, மாக்குலாவுக்கு ரெண்டு மி.மீக்குள்ள கட்டி இருந்தவங்க, விழித்திரை பிரிஞ்சிருந்தவங்க, அப்பறம் சுகர் இருந்தவங்க. அப்பாவுக்கு சுகர் பத்து வருஷம், இதை நீங்க கேள்வியில போற போக்குல எழுதிருந்தீங்க, எனக்கு அது தான் முதல்ல கண்ல பட்டுச்சு. ஏற்கெனவே சுகரால களைச்ச ரத்தக்குழாய் மேல ரேடியேஷனும் சேர்ந்தா தாங்கறது கஷ்டம். இப்ப அவாஸ்டின் மாதிரி ஊசி கண்ணுக்குள்ள போட்டு வீக்கத்தைக் கட்டுப்படுத்தறாங்க, காம்ஸ் காலத்துல அது இல்ல, அதனால இன்னிக்கு நிலைமை அந்த நம்பரை விடக் கொஞ்சம் நல்லா இருக்கலாம், எவ்வளவு நாள் தாங்கும்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும். சுகரைக் கட்டுக்குள்ள வெக்கறது மட்டும் உங்க கையில இருக்கு, மூணு மாச சராசரி சுகரைக் காட்டற ஏ1சி டெஸ்ட் என்னன்னு இந்த வாரமே பாருங்க.

கண்ணை எடுக்கற ஆபரேஷன் நினைக்கறதுக்கு பயங்கரம், செய்யறதுக்கு அவ்வளவு பெருசு இல்ல. மயக்கம் குடுத்து கண்ணை எடுத்துட்டு உள்ள ஒரு உருண்டை வெச்சு, கண்ணை அசைக்கற தசைங்களை அதுலயே தச்சுடுவாங்க, ஆறேழு வாரம் ஆறினப்பறம் அதுக்கு மேல மாட்டற செயற்கைக் கண்ணை இன்னொரு கண்ணோட நிறத்துக்கு வரைஞ்சு செஞ்சு குடுப்பாங்க. நல்லா செஞ்சா எதிர்ல உக்காந்து பேசறவங்களுக்கே சட்டுன்னு தெரியாது, ஓரளவு அசையும். படிக்கட்டு இறங்கறது, டம்ளர்ல தண்ணி ஊத்தறது, இதெல்லாம் முதல் சில மாசம் தடுமாறும், அப்பறம் மூளை பழகிடும். மிச்சம் இருக்கற ஒரு கண்ணைக் காப்பாத்த லேசுல உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எப்பவும் போடணும், பவர் இல்லைன்னாலும் போடணும்.

காம்ஸ்ல வாழ்க்கை எப்படி இருந்துச்சுன்னும் கேட்டாங்க. தகடு வெச்சவங்களுக்கு முதல் ரெண்டு வருஷம் வண்டி ஓட்டறது, பக்கவாட்டுப் பார்வை இதெல்லாம் சுலபமா இருந்துச்சு, பார்வை இறங்க இறங்க அந்த வித்தியாசம் போயிடுச்சு. ஆனா தகடு வெச்சவங்களுக்கு மனசுல பதட்டம் கூட இருந்துச்சு, கட்டி இன்னும் உள்ள தானே இருக்குன்னு. வைத்தியம் பிடிச்சாலும் கட்டி மறைஞ்சு போகாது, சுருங்கித் தழும்பா உக்காந்திருக்கும், ஒவ்வொரு செக்கப்புக்கும் அதை அளப்பாங்க, ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்கும். உங்க கேள்வியில மாமா என்ன சொல்றார், அத்தை என்ன சொல்றாங்க, ரெண்டு டாக்டரும் என்ன சொன்னாங்கன்னு எல்லாம் இருக்கு, அப்பா என்ன சொல்றார்னு ஒரு வரி கூட இல்ல. கட்டியை உள்ள வெச்சுக்கிட்டு நிம்மதியா தூங்கறவரா, இல்ல ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னாடி ஒரு மாசம் சாப்பிடாம கிடக்கறவரா, அது அவருக்குத் தான் தெரியும், ஆயுள் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுங்கறப்ப இந்த மாதிரி விஷயம் தான் நிஜமாவே தராசைச் சாய்க்கணும்.

இந்த ஆய்வு யாருக்குப் பொருந்தாதுன்னும் சொல்லணும். சேர்ந்தவங்க கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளைக்காரங்க, கண் நரம்பை ஒட்டி இருந்த கட்டியையும், சுத்தி வளையமா படர்ந்த கட்டியையும் சேர்க்கல. உங்க அப்பா கட்டி அளவு, 2.5-லேர்ந்து 10 மி.மீ வரைக்கும் உயரம், அகலம் 16-க்குள்ளங்கற அந்த ஆய்வோட வரம்புக்குள்ள நல்லாவே வருது. ஆனா இடம் எங்கன்னு நீங்க எழுதல, அது இல்லாம பார்வை மிஞ்சுமா மிஞ்சாதான்னு யாராலயும் சொல்ல முடியாது. முதல் டாக்டர் எடுத்துடலாம்னு சொன்னதுக்குக் காரணம் கட்டி நரம்புக்குப் பக்கத்துல இருக்கறதா இருக்கலாம், இல்ல அவர் இடத்துல தகடு வசதி இல்லாததா கூட இருக்கலாம், ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம், தயங்காம நேரா கேளுங்க. புரோட்டான் பத்தியும் கேளுங்க, கண்ணுக்கான புரோட்டான் எல்லா ஊர்லயும் கிடையாது, ஆனா சில இடத்துல இருக்கற கட்டிக்கு அது நல்லா பொருந்தும். கட்டியை மட்டும் வெட்டி எடுத்துட்டு கண்ணை விடற சர்ஜரியும் இருக்கு, அது கை தேர்ந்த சில பேர் மட்டும் பண்றது, உங்களுக்கு யாரும் அதைச் சொல்லலைன்னா அதை நினைச்சு அலைய வேண்டாம்.

உயிர் பத்தின கேள்விக்கு இன்னிக்கு நிஜமான தகவல் குடுக்கறது கட்டியோட ஜீன் டெஸ்ட். மூணாவது குரோமோசோம் ஒண்ணு காணாம போயிருக்கா, பேப்1 ஜீன் கெட்டிருக்கான்னு பார்ப்பாங்க, அது தான் பரவற வாய்ப்பு அதிகமா குறைவான்னு சொல்லும். கண்ணை எடுத்தா திசு கையில இருக்கும், தகடுன்னா தகடு வெக்கற நேரத்துலயே மெல்லிசு ஊசியால எடுக்கணும், ரேடியேஷனுக்கு அப்பறம் ரொம்ப நாள் கழிச்சு எடுத்தா சரியா வராம போகலாம், அதனால முன்னாடியே பேசி வெச்சுடுங்க. ரிசல்ட்டைப் பொறுத்து லிவர் ஸ்கேன் எத்தனை மாசத்துக்கு ஒரு தடவைன்னு முடிவு பண்ணுவாங்க. பரவிட்டா ஒண்ணுமே இல்லங்கற காலமும் போச்சு, 2022 ஜனவரியில டெபென்டாஃபஸ்ப்னு ஒரு மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க, பரவின கண் மெலனோமாவுல ஆயுளைக் கூட்டினதுன்னு நிரூபிச்ச முதல் மருந்து, ஆனா ரத்தப் பரிசோதனையில தெரியற ஒரு குறிப்பிட்ட எச்.எல்.ஏ வகை (செல்லுங்க மேல இருக்கற பரம்பரை அடையாளம்) இருக்கறவங்களுக்கு மட்டும் தான் வேலை செய்யும்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு அப்பாவோட நீங்களும் உள்ள போங்க, கட்டி விளிம்புலேர்ந்து மாக்குலா எத்தனை மில்லிமீட்டர், கண் நரம்பு எத்தனை மில்லிமீட்டர், இந்த ரெண்டு நம்பரைக் கேட்டு எழுதிட்டு வாங்க. தகடுன்னு முடிவாச்சுன்னா டோஸ் ரிப்போர்ட்ல ஒரு காப்பி கேளுங்க, குடுப்பாங்க, அதுல மாக்குலாவுக்கும் நரம்புக்கும் எவ்வளவு கிரே போகுதுன்னு தனித்தனியா போட்டிருக்கும். பேரை அடிச்சுட்டு அந்த நம்பரை மட்டும் இங்க போடுங்க, எந்த வரிக்கு என்ன அர்த்தம்னு நான் உக்காந்து எழுதறேன்.